பொம்மை வீட்டுக்கு மராமத்து

புனே ஜூனா பஜார் புதனும் ஞாயிறும் கூடும். பூட்டு, ரேடியோ, பித்தளை அண்டா என்று கொட்டிக் கிடந்தவற்றுக்கு நடுவே ஒரு மர பொம்மை வீட்டைப் பார்த்ததும் கால் நின்றுவிட்டது. இரண்டு மாடி, நான்கு அறை, கூரையில் பாதியைக் காணோம். 400 ரூபாய்க்குப் பேசி முடித்து, சாக்கில் சுற்றி, நகர் ரோடு பஸ்ஸில் ரஞ்சன்காவ் கொண்டுவந்து சேர்த்தேன். மகளுக்கு ஏழு வயது. மராமத்துக்கு 500 ரூபாய்க்கு மேல் போகாது என்று வீட்டில் வாக்குக் கொடுத்தாயிற்று.

முதல் காசைக் குட்டி சோபாவிலும் கட்டிலிலும் போடுகிறவர்கள் உண்டு. அது தப்பு. சுவரும் கூரையும்தான் முதலில்.

பின்சுவரைத் தட்டினால் மாவாகக் கொட்டியது, உளுத்துப்போன பலகை. பிடுங்கி எறிந்தேன். மாற்றுப் பலகைக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. தொழிற்பேட்டைக்கு இயந்திரங்கள் வந்திறங்கும் மரப்பெட்டிகள் பழைய சாமான் விற்கும் பங்கார் கடையில் குவிந்திருக்கும். ஆனால் முத்திரையைப் பார்த்து எடுக்கவேண்டும். 'எச்.டி.' என்றால் மரத்தின் உள்வரை 56 டிகிரியில் 30 நிமிடம் சூடேற்றிப் பூச்சியைக் கொன்றது. 'எம்.பி.' என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது. குழந்தை கைபடும் சாமானுக்கு அது வேண்டவே வேண்டாம்.

அடுத்த பயம், பழைய பெயின்டில் இருக்கக்கூடிய ஈயம். வீட்டுப் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம். தாண்டக்கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதனால் உப்புத்தாளைத் தண்ணீரில் தோய்த்தே தேய்த்தேன்; தூசி பறக்கவில்லை. அன்று முழுக்க மகளை அந்தப் பக்கமே விடவில்லை.

மாடி அறையில் மட்டும் பெயின்ட் இல்லை. வெறும் மரத்தில் யாரோ ஒரு குழந்தை பென்சிலால் கணபதி வரைந்திருந்தது. தும்பிக்கை ஒரு பக்கம் கோணி, மோதகம் தலையைவிடப் பெரிது. அஷ்டவிநாயகரில் ஒருவரான மகாகணபதி குடியிருக்கும் ஊரில் அதை அழிக்க மனம் வருமா? அந்த அறை பூஜையறை ஆயிற்று.

சாமான்களுக்கு ஒரு கணக்கு உண்டு: ஓர் அடிக்கு ஓர் அங்குலம். புதுடெல்லியைக் கட்டிய லட்யன்ஸ், 1924இல் முடிந்த இங்கிலாந்து ராணி மேரியின் பொம்மை வீட்டையும் இதே அளவில்தான் வடிவமைத்தார். நம் கொலு மரப்பாச்சி அரையடி இருந்தால் ஆறடி ஆள்! அடுப்படிக்கு மகளின் செப்புச் சாமான். மராத்தியர் இதையே பாதுகலி என்பார்கள். சுவர்த்தாள் பழைய கல்யாணப் பத்திரிகை, தரைக்கு ஐஸ் குச்சி. விளக்கு மட்டும் போடவில்லை. பொத்தான் பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாய் வெந்துபோகும்.

பெயின்ட், பசை, கீல், உப்புத்தாள் எல்லாம் சேர்த்து 460 ரூபாய்.

உங்கள் பரணில் இப்படி ஒன்று கிடந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஆட்டிப் பாருங்கள். மூட்டு அசையாமல் நின்றால், தெருவில் உள்ள ஒரு குழந்தைக்குக் கொடுத்துவிடுங்கள்.