சுடும் பாறையில் சுருண்டிருக்கும் நத்தை

வெயிலில் காய்ந்த கருங்கல்லின் மீது நண்பகலில் வெறுங்காலுடன் நின்றதுண்டா? நின்றிருக்க மாட்டீர்கள், துள்ளிக் குதித்து நிழலைத் தேடி ஓடியிருப்பீர்கள்! காற்றின் வெப்பநிலை 32 டிகிரி செல்சியஸ்தான் என்றாலும், கதிரவனின் கதிர்களை நேரே உட்கவரும் கல்லின் மேற்பரப்பு 50 டிகிரியை எட்டிவிடும்.

அந்தக் கல்லையே வீடாகக் கொண்ட ஓர் உயிரினம் உண்டு. போர்னியோத் தீவின் வட கரையில் புருனை என்றொரு சிறிய நாடு இருக்கிறது. அங்கே கடலோரப் பாறைகளின் மேற்பகுதியில், அலைத் திவலை எப்போதாவது மட்டும் எட்டும் உயரத்தில், பட்டாணி அளவுள்ள நத்தைகள் ஒட்டிக்கொண்டிருக்கும். விலங்கியலார் இட்ட பெயர் எக்கினோலிட்டோரினா மலக்கானா. நமக்குப் 'பாறை நத்தை' போதும். இதன் உடல் வெப்பநிலை 23 டிகிரிக்கும் 50 டிகிரிக்கும் இடையே ஏறி இறங்குகிறது.

நமக்குச் சூடு மிகுந்தால் வியர்க்கிறது. வியர்வை ஆவியாகி உடலைக் குளிர்விக்கிறது. நத்தைக்கு அந்த வசதி இல்லை. நீரை இழந்தால் காய்ந்து கருவாடாகிவிடும். ஆகவே அது ஓட்டுக்குள் ஒடுங்கி, வாயிலை மூடியால் அடைத்துக்கொள்கிறது. பாறையைப் பற்றியிருந்த பாதத்தையும் உள்ளே இழுத்து, ஓட்டின் விளிம்பை மட்டும் உலர்ந்த கோழையால் ஒட்டிவைக்கிறது. தொடும் பரப்பு குறைந்தால் கடத்தல் முறையில் வரும் வெப்பமும் குறையும் அல்லவா? வகுப்பில் நான் கரும்பலகையில் எழுதிப் போடும் விதியை நத்தை செய்தே காட்டுகிறது!

ஆனால் வெப்பத்தைவிடப் பெரிய தொல்லை பசி. பாறை நனைந்து குளிர்ந்திருக்கும் சிறிது நேரம்தான் நத்தையால் ஊர்ந்து சென்று பாசியைச் சுரண்டித் தின்ன முடியும். மற்ற நேரமெல்லாம் சேமிப்பில்தான் வாழ்க்கை. சும்மா கிடக்கும் உயிருக்கும் செலவு உண்டு. உணவு ஆற்றலாக மாறுவதும் உடற்பொருள்கள் சிதைவதும் ஆக்கப்படுவதும் ஓயாமல் நடந்தாக வேண்டும். இதையே வளர்சிதை மாற்றம் என்கிறோம்.

வேதிவினைகள் சூட்டில் விரைவாக நடக்கும். சுவீடன் நாட்டு அறிஞர் அர்ரீனியஸ் 1889-இல் இதற்கு ஒரு சமன்பாடே தந்தார். தம் உடல் வெப்பத்தைத் தாமே காத்துக்கொள்ள இயலாத உயிரினங்களில் பெரும்பாலானவற்றுக்கு, 10 டிகிரி கூடினால் வளர்சிதை மாற்றம் ஏறக்குறைய இரு மடங்காகும். கணக்கைப் போட்டுப் பாருங்கள். 25 டிகிரியில் பத்து நாளைக்குப் போதுமான சேமிப்பு ஒரு நத்தையிடம் இருப்பதாகக் கொள்வோம். 45 டிகிரியில் செலவு நான்கு மடங்கு. இரண்டரை நாளில் கையிருப்பு காலி! வெயிலில் வெந்து சாவதற்கு முன்பே நத்தை பட்டினியால் செத்துவிட வேண்டும்.

சாகவில்லையே, ஏன்? புருனையில் பணியாற்றிய டேவிட் மார்ஷலும் அவருடைய கூட்டாளிகளும் 2011-இல் இதற்கு விடை தந்தார்கள். வளர்சிதை மாற்றத்தை அளக்க நத்தையின் இதயத் துடிப்பை எண்ணலாம். ஓட்டின் மேல், இதயத்திற்கு நேராக, ஒரு சிறு அகச்சிவப்பு உணர்கருவியை ஒட்டினால் போதும். இதயம் சுருங்கி விரிவதற்கேற்பத் திரும்பிவரும் கதிரின் அளவு கூடிக் குறையும். ஓட்டை உடைக்கத் தேவையில்லை.

வெப்பத்தை உயர்த்த உயர்த்தத் துடிப்பும் முதலில் ஏறியது. ஆனால் 35 டிகிரிக்கு மேல் அது ஏற மறுத்தது! 46 டிகிரி வரை தணிந்தே நின்றது. அதைத் தாண்டியதும் மீண்டும் விர்ரென்று ஏறியது. வரைபடத் தாளில் குறித்தால் இரட்டைத் திமில் ஒட்டகத்தின் முதுகு போல் இருக்கும். வெயில் உச்சத்தில் இருக்கும் வேளையில் நத்தை விளக்கின் திரியை இறக்கி வைத்துக்கொள்கிறது, எண்ணெய் மிச்சப்படுகிறது.

46 டிகிரியில் என்ன நிகழ்கிறது? முட்டையின் வெண்கரு சூட்டில் கெட்டியாவதைப் பார்த்திருக்கிறீர்கள். புரதங்களின் மடிப்புக் குலைவதே காரணம். நத்தையின் செல்களிலும் அதே அபாயம். குலையும் புரதங்களைச் சீர்செய்ய 'வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள்' என்னும் பழுதுபார்ப்போர் உருவாகிறார்கள். (இவற்றுக்கான முதல் தடயத்தை 1962-இல் இத்தாலியரான ரிட்டோசா பழ ஈயில் கண்டார். யாரோ பெட்டியின் சூட்டைத் தவறுதலாகக் கூட்டி வைத்ததால் கிடைத்த கண்டுபிடிப்பு என்பார்கள்!) இவர்களுக்குக் கூலியாக நிறைய ஆற்றல் தர வேண்டும். எனவே திரி மீண்டும் உயர்கிறது. செலவுக்கு ஈடாகச் செல்களால் ஆற்றலை ஆக்க இயலாமற் போகும்போது சாவு தொடங்குகிறது எனக் கருதுகிறார்கள். வெப்பத்தில் ஆக்சிஜன் போதாமையே உயிரைக் கொல்கிறது என்ற கருத்து இந்த நத்தைக்குப் பொருந்தவில்லை.

46 டிகிரியைத் தொட்டவுடனே நத்தை இறந்துவிடுவதில்லை. எவ்வளவு நேரம் அந்தச் சூட்டில் கிடக்கிறது என்பதே கேள்வி. பாறையோ ஏற்கெனவே 50 டிகிரியை எட்டுகிறது. புவியின் வெப்பம் கூடக்கூட, 46 டிகிரிக்கு மேல் கழியும் நேரமும் நீளும்.

வெப்ப நாடுகளுக்கு மட்டுமே உள்ள கவலை அன்று இது. 2021 ஜூன் மாத இறுதியில் குளிர்நாடான கனடாவின் பசிபிக் கரையில் கடும் அனல் வீசியது. பகல் வேளையில் கடல் உள்வாங்கியிருந்ததால் பாறைகள் 50 டிகிரிக்கு மேல் காய்ந்தன. சிப்பிகளும் கொட்டலசுகளும் நகர முடியாமல் ஒட்டிய இடத்திலேயே மாண்டன. இறந்த கடலோர உயிர்கள் நூறு கோடிக்கு மேல் இருக்கும் என்று அங்குள்ள பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் கிறிஸ் ஹார்லி மதிப்பிட்டார்.

புருனைப் பாறையில் மாலை வந்து, ஓதம் ஏறித் திவலை தெறித்ததும், நத்தை மூடியைத் திறக்கிறது. பாதத்தை வெளியே நீட்டிப் பாசியைத் தேடி நகரத் தொடங்குகிறது. மறுநாள் வெயிலுக்குள் அது வயிற்றை நிரப்பிக்கொள்ள வேண்டும்.