நெல்லுக்குப் பேர் வைத்த ஸ்டூடியோ

ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் தந்த ஏ.டி.டி. 27, சுமார் 105 நாளில் அறுவடைக்கு வரும் குறுவை ரகம். 1960-களில் திருச்சி வானொலி அதைப் பற்றிப் பேசிப் பேசி காவிரி டெல்டா முழுக்கப் பரப்பியது. விவசாயிகள் அதற்கு வைத்த பேர் என்ன தெரியுமா? ‘ரேடியோ நெல்’! ஒரு பயிருக்கே பேராகிற அளவுக்கு எடுபட்ட அந்தப் பேச்சு எப்படித் தயாரானது? வாங்க, ஸ்டூடியோவுக்குள் எட்டிப் பார்த்துவிடுவோம்!

முதலில் வானொலி நிலையத்தின் பெருமை. 1939 மே 16-ல் ஒலிபரப்பைத் தொடங்கியது திருச்சி. 1947-ல் சுதந்திர இந்தியாவுக்குக் கிடைத்த அகில இந்திய வானொலி நிலையங்கள் ஆறே ஆறு: டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, லக்னோ, திருச்சி. இவற்றில் தலைநகரமாக இல்லாத ஒரே ஊர் நம்ம மலைக்கோட்டை ஊர்தான்! 1966-ல் விவசாயிகளுக்கான பண்ணை இல்ல ஒலிபரப்புப் பிரிவுகள் பிறந்தபோதும் முதல் வரிசையிலேயே திருச்சி இருந்தது.

இனி உள்ளே போவோம். இரட்டைக் கதவு தாண்டினால் வெளிச்சத்தம் துளியும் கிடையாது. மைக் முன்னால் இருப்பவர் காகிதங்களைப் பின் அடிக்காமல் தனித்தனியாக வைத்துக்கொள்வார். புரட்டும் சத்தம்கூட வயல்வரை கேட்டுவிடுமே! கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கண்ட்ரோல் ரூம். சிவப்பு விளக்கு எரிந்தால் இருமக்கூடாது. பேச்சில் தடுமாற்றம் வந்தால், அந்நாளில் ஸ்பூல் டேப்பை பிளேடால் சாய்வாக வெட்டி ஒட்டிவிடுவார்கள்.

நிஜமான வித்தை எழுத்தில்தான். “தழைச்சத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து இடுதல் வேண்டும்” என்று அதிகாரி எழுதிக் கொண்டுவந்தால் வானொலிக்கு ஆகாது. அதை இப்படி மாற்றினால் காது நிமிரும்:

“மொத்த யூரியாவையும் ஒரே நாள்ல போட்டுடலாமாங்க?”

“வேண்டாம்ணே. பிரிச்சுப் போடுங்க. தூர் கட்டும்போது ஒரு பங்கு கட்டாயம் இருக்கணும்.”

பெருவளை வாய்க்கால் பாயும் லால்குடி வயல்காரர் மனசில் இருக்கும் கேள்வியை வானொலியே கேட்டுவிடுகிறது!

கடல் தாண்டியும் இதே சூட்சுமம்தான். விவசாயத் தகவலைக் கதைக்குள் வைத்துச் சொன்ன ‘தி ஆர்ச்சர்ஸ்’ நாடகம் 1951-லேயே பிரிட்டன் முழுக்க ஒலித்தது. தேசியப் பேச்சு வானொலியான பிபிசி ரேடியோ 4, 1967 செப்டம்பர் 30-ல்தான் வந்தது. அந்த நாடகம் இன்றும் அதில் ஓடுகிறது.

நாற்றங்கால் நாளில் விதை, கதிர் வரும் நாளில் பூச்சி, அறுவடை நாளில் விலை என்று கேட்பவரின் வேலையோடு சேர்ந்து நடந்ததால்தான் திருச்சியின் பேச்சு பலித்தது. நாளைக்கு யார் பேச்சு வானொலி தொடங்கினாலும், கேட்பவருக்கு இன்று என்ன வேலை என்று விசாரித்துவிட்டு மைக் முன்னால் உட்காரட்டும். ஊரே கேட்கும்!