ஏலக்காய் விலையும் கணிப்பொறி நூலகமும்

தமிழில் 'ஏலம்' என்னும் சொல் இரு பொருள் உடையது. ஒன்று, மலைச்சாரலில் நிழல் மரங்களின் கீழே வளரும் நறுமணச் செடி. தாவர நூலார் அதற்கு இட்ட 'எலெட்டேரியா' என்னும் பெயரும் தென்னாட்டு வழக்கினின்று பிறந்ததே. மற்றொன்று, பலர் கூடி விலை கூற, மிகுதியாகக் கூறியவர்க்குப் பொருளைக் கொடுக்கும் விற்பனை முறை. இது போர்த்துக்கேய மொழியின் வழியே நம்மிடம் வந்த சொல். வேர் வேறாகிய இவ்விரண்டும் ஒருங்கு கூடும் ஊர் தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர். ஆங்கு ஏலம் ஏலத்தில் விற்கப்படுகின்றது.

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த அவ்வூருக்கு, போடிமெட்டு வழியாகக் கேரளத்து ஏலமலைகளினின்றும், குரங்கணி முதலிய நம் பக்கத்துச் சரிவுகளினின்றும் காய்கள் வந்து சேர்கின்றன. முன்னாளில் வாயால் விலை கூறி நடந்த ஏலம், 2007 முதல் மின்னணு ஏலமாக மாறிற்று. வணிகர் கணிப்பொறியின் முன் அமர்ந்து விலை குறிக்கின்றனர். இடுக்கி மாவட்டத்துப் புற்றடியிலும் இவ்வாறே நடைபெறுகின்றது. 1987-இல் நிறுவப்பெற்ற நறுமணப் பொருள் வாரியம் இவ்வேலங்களின் முடிவுகளைத் தன் வலைத்தளத்தில் வெளியிடுகின்றது.

இதனால் யாருக்கு என்ன பயன் என்று வினவலாம். சிறு தோட்டக்காரர் பலர் தம் காயை ஏல மையத்துக்குக் கொணராமல் அருகிலுள்ள வியாபாரியிடமே விற்றுவிடுவர். அவர் கேட்கும் முதற் கேள்வி, "இன்று விலை என்ன?" என்பதே. அதற்குக் கிடைக்கும் மறுமொழி சரியானதா என்பதைப் பொறுத்தே ஓராண்டு உழைப்பின் கூலி அமையும். 2018-ஆம் ஆண்டின் பெருவெள்ளத்தால் கேரளத்தில் தோட்டங்கள் சிதைந்து விளைச்சல் குன்ற, 2019 ஆகஸ்டில் ஒரு கிலோ 7,000 ரூபாய்க்கு விற்றது என்ற செய்தி நாடெங்கும் பரவிற்று. ஆயின் அஃது உச்ச விலை. அன்று வந்த காயெல்லாம் அவ்விலைக்குப் போகவில்லை. பின்னர் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் விலை 1,000 ரூபாய்க்கும் கீழே இறங்கியதும் உண்டு. ஆகவே செவிவழிச் செய்தியை நம்பாது, பதிவேட்டைத் தாமே நோக்குதல் நலம்.

அப்பதிவேடு ஓர் அட்டவணை. ஏலத்தின் தேதி, ஏலத்தை நடத்தியவர், குவியல்களின் எண்ணிக்கை, வந்த எடை, விற்ற எடை, உச்ச விலை, சராசரி விலை என்பன அதன் பத்திகள். ஒரு நாளின் விலையைக் கண்ணாற் கண்டு கொள்ளலாம். பல ஆண்டுகளின் விலையை ஒப்பிட விரும்பின், ஆயிரக்கணக்கான வரிசைகளைக் கையால் எழுதுதல் இயலாது. இங்கேதான் நூலகம் துணை செய்கின்றது.

நூலகம் என்பது ஈண்டுப் புத்தக சாலையன்று. பிறர் முன்னரே எழுதிச் சோதித்து வைத்த கணிப்பொறிக் கட்டளைகளின் தொகுதிக்கு அப்பெயர். 1991-இல் வெளிவந்த பைதான் என்னும் நிரல்மொழிக்கு இத்தகைய நூலகங்கள் மிகப் பல. அவற்றுள் 'பாண்டாஸ்' என்பது அட்டவணைகளைக் கையாள்வது. வெஸ் மெக்கின்னி என்பார் அமெரிக்க முதலீட்டு நிறுவனம் ஒன்றில் பணியாற்றியபோது, 2008-இல் இதனைத் தொடங்கினார். பங்குச் சந்தைக்கெனப் பிறந்த கருவி நம் ஏலக்காய்ச் சந்தைக்கும் உதவுவது மகிழ்தற்குரியது.

அதன் வேலை முறை எளிது. 'ரீட் எச்.டி.எம்.எல்.' என்னும் கட்டளைக்கு வலைப்பக்கத்தின் முகவரியைக் கொடுத்தால், அப்பக்கத்திலுள்ள அட்டவணைகள் அனைத்தையும் அது ஒரு பட்டியலாகத் திரட்டித் தரும். நாம் வேண்டியதைத் தெரிந்துகொண்டு, தேதிவாரியாக அடுக்கி, மாதந்தோறும் தொகுத்து, கோப்பாகச் சேமித்துக் கொள்ளலாம். சில வரிகளில் முடியும் வேலை இது.

எளிதாக முடிவதாலேயே பிழையும் எளிதாகப் புகும். முதலாவது, அட்டவணையைத் தெரிவதில் வரும் பிழை. வாரியம் நம் மலைச் சிறு ஏலத்தின் விலையோடு, சிக்கிம் முதலிய வடகிழக்குப் பகுதிகளில் விளையும் பேரேலத்தின் விலையையும் வெளியிடுகின்றது. இரண்டும் வேறு செடிகள். தலைப்பை நோக்காது எடுத்தால், போடிக்குரிய விடை கிடைக்காது.

இரண்டாவது, தேதியைப் பற்றியது. நாம் நாளை முன்னும் மாதத்தைப் பின்னும் எழுதுவோம். பாண்டாஸோ, ஐயத்துக்கு இடமான தேதியில், மாதமே முன் நிற்பதாக அமெரிக்க வழக்கப்படி கொள்ளும். 05-08-2019 என்பது ஆகஸ்டு 5 ஆகாமல் மே 8 ஆகிவிடும். 'நாளே முதல்' என்று வெளிப்படையாகக் கட்டளையிட்டால் இக்குற்றம் நீங்கும்.

மூன்றாவதே பெரியது. ஒரு நாளில் இரண்டு ஏலங்கள் நடந்தன எனக் கொள்வோம். ஒன்றில் 10,000 கிலோ, சராசரி 2,000 ரூபாய்க்கு விற்றது. மற்றொன்றில் 50,000 கிலோ, சராசரி 2,600 ரூபாய்க்கு விற்றது. இரு விலைகளையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 2,300 வரும். ஆயின் அஃது உண்மையன்று. ஒவ்வொரு சராசரியையும் விற்ற எடையால் பெருக்கிக் கூட்டினால் 15 கோடி ரூபாய். அதனை மொத்த எடையாகிய 60,000 கிலோவால் வகுத்தால் 2,500. கிலோவுக்கு 200 ரூபாய் வேறுபாடு! 100 கிலோ கொண்டு வரும் குடியானவர்க்கு அது 20,000 ரூபாய். கணிப்பொறி இரு கணக்கையும் ஒரே வேகத்தில் செய்து முடிக்கும். எது நேரிய கணக்கு என்று அது கூறாது.

மேலும், சராசரியும் எல்லாக் காய்க்கும் உரிய விலையன்று. பருமனும் பசுமையும் மிக்க காய் மேல்விலை பெறும். வெளிறியதும் வெடித்ததும் தாழ்ந்துபோம். வந்த எடைக்கும் விற்ற எடைக்கும் இடைவெளி மிகுந்தால், விலை எவ்வாறிருப்பினும், வாங்குவோர் தயங்கினர் அல்லது விற்போர் உடன்படவில்லை என்று உணரலாம். ஆதலின் ஒரு பத்தியை மட்டும் நோக்குதல் போதாது.

இன்னும் ஓர் எச்சரிக்கை. நூலகம் நம்முடையதாயினும் ஊற்று பிறருடையது. யாகூ நிறுவனம் பங்கு விலைகளைத் தந்துவந்த வழியை 2017-இல் மூடியபோது, அதனை நம்பிய நிரல்கள் பல ஒரே நாளில் பயனற்றுப் போயின. அக்குறையைத் தீர்க்க எழுந்த நூலகமே இன்று 'ஒய்ஃபைனான்ஸ்' எனப் பெயர் பெற்றுள்ளது. வாரியத்தின் பக்கமும் அமைப்பு மாறலாம். எனவே பெற்ற விவரத்தைப் பெற்ற நாளுடன் சேமித்து வைத்தல் வேண்டும். பல பக்கங்களை எடுக்கும்போது இடையிடையே நிறுத்தி எடுத்தலும் வேண்டும். பொதுக் கிணற்றில் ஒருவரே ஓயாது இறைத்தால் பிறர்க்கு நீர் கிட்டாதன்றோ?

நிறைகோல் நேர்மையாக இருத்தல் வேண்டும் என்று திருமறையின் நீதிமொழிகள் வற்புறுத்துகின்றன. முன்னாளில் அக்கடமை எடை போடுவோரைச் சார்ந்திருந்தது. இந்நாளில் எண்களைத் தொகுத்து உரைப்போர்க்கும் அது உரியதாயிற்று. நம் கல்லூரியில் கணிப்பொறி பயில்வோர் பலர். மலைச்சாரலினின்று வந்தோரும் சிலர் இருப்பர். அவர்கள் விடுமுறையில் ஊர் செல்லும்போது, இக்கணக்கை ஒரு முறையேனும் செய்து, உச்ச விலை இது, சராசரி இது, விற்ற எடை இது எனத் தம் அயலார்க்குப் பிரித்துச் சொல்வாராயின், கற்ற கல்வி அம்மலைக்குப் பயன்பட்டதாகும்.