புழுதி விதைப்பு... விதைப்பெட்டிக்கு அடியில்தான் இருக்கிறது சூட்சுமம்!

ஆவணி முடிந்து புரட்டாசி பிறந்துவிட்டால், பெரியபட்டினம், திருப்புல்லாணி பக்கமெல்லாம் வானத்தைப் பார்த்தபடியே வேலை நடக்கும். கோடை உழவில் புரட்டிப்போட்ட மண் புழுதியாகக் கிடக்கிறது. மழைக்கு ஒரு வாரம் முன்னால் நெல்லை மண்ணுக்குள் அனுப்பிவிட வேண்டும். முந்தினால் எறும்பும் குருவியும் பங்கு கேட்கும். பிந்தினால் சேற்றில் கருவி இறங்காது. ராமநாதபுரம் மாவட்டத்தின் ஆண்டு சராசரி மழை 827 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவமழையில் கொட்டித் தீர்ந்துவிடும். ஒரு போகம்தான், விதைப்பு தவறினால் அந்த வருஷத்துக்கு அவ்வளவுதான்.

கையால் வீசி விதைத்து, மேலே ஒரு உழவு ஓட்டி மூடுவதுதான் இங்கே நெடுநாள் வழக்கம். அதில் ஒரு நெல் மேலேயே கிடக்கும், இன்னொன்று அரை அடி ஆழத்துக்குப் போய்விடும். மேலே கிடப்பது குருவிக்கு. ஆழத்தில் போனது முளைத்தாலும் வெளியே எட்டிப்பார்க்காது. இந்த நஷ்டத்தை ஈடுகட்டத்தான் கூடுதல் விதையை வாரி இறைக்க வேண்டியிருக்கிறது. டிராக்டரில் பூட்டும் விதைப்புக் கருவி இதைச் சரிசெய்யும் என்று வாங்கியவர்கள், வாடகைக்கு எடுத்தவர்கள் பலர். ஆனால், ஒரு சாலில் நெருக்கமாகவும் அடுத்த சாலில் முழம் முழமாக வெற்றிடமாகவும் பயிர் நிற்பதைப் பார்த்து, ‘கை விதைப்பே தேவலை’ என்று திரும்பியவர்களும் உண்டு. குறை பெரும்பாலும் கொழுவில் இல்லை. பெட்டியிலிருந்து விதையை அளந்து குழாய்க்குள் தள்ளும் பாகத்தில் இருக்கிறது.

இந்த அளக்கும் வேலை ஒரு காலத்தில் மனிதக் கையில்தான் இருந்தது. மாடு இழுக்கும் கருவியின் மரக் கிண்ணத்தில் விதையைப் போட்டுக்கொண்டே பின்னால் நடப்பார்கள். கிண்ணத்தின் அடியிலிருந்து மூங்கில் குழாய்கள் வழியாக விதை சாலுக்குள் இறங்கும். கை பழகியவர் போட்டால் பயிர் சீராக வரும். அவர் வராத நாளில் வயலே காட்டிக்கொடுத்துவிடும். இங்கிலாந்தில் ஜெத்ரோ டல் என்பவர் 1701-ம் ஆண்டு வாக்கில் செய்த விதைப்புக் கருவியின் சிறப்பே, அந்தக் கையின் வேலையை ஒரு சுழலும் உருளைக்குக் கொடுத்ததுதான்.

இன்றைக்குப் பரவலாகக் கிடைக்கும் கருவிகளில் இருப்பது பள்ளம் வெட்டிய உருளை. சக்கரம் சுற்றச் சுற்ற உருளை சுற்றும். பள்ளத்தில் நிறைந்த விதை கொட்டும். உருளையின் எவ்வளவு நீளம் விதைக்குள் தெரிகிறதோ, அந்த அளவுக்கு விதை விழும். கோதுமை போன்ற வழவழப்பான தானியத்துக்கு இது பொருத்தம். நெல்லுக்கு ஓரளவு பரவாயில்லை. நிலக்கடலைப் பருப்பைப் போட்டால் நசுங்கி, தோல் உரிந்துதான் கீழே வரும். உரிந்த பருப்பு முளைக்குமா என்று கடலை போட்டவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இதற்கு மாற்றாக வந்ததுதான் கிண்ண முறை. ஒரு வட்டத் தகட்டின் விளிம்பில் சின்னச் சின்னக் கிண்ணங்கள். தகடு விதைக்குள் மூழ்கி எழும்போது ஒவ்வொரு கிண்ணமும் சில விதைகளை அள்ளி, மேலே போய்க் குழாயின் வாயில் கவிழ்க்கும். நசுக்குவதற்கு இடமே இல்லை. பயிரை மாற்றினால் கிண்ணத் தகட்டை மாற்றினால் போதும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், கொத்துக்கலப்பையின் மேலேயே இப்படிப்பட்ட பெட்டியைப் பொருத்தி விதைக்கும் கருவியை உருவாக்கியிருக்கிறது. ஏற்கெனவே கொத்துக்கலப்பை வைத்திருப்பவருக்கு இது செலவு குறைந்த வழி. போபாலில் உள்ள மத்திய வேளாண் பொறியியல் நிறுவனத்தின் சாய்வுத் தகடு முறை, விதையை ஒவ்வொன்றாகப் பிரித்து இடைவெளி விட்டுப் போடும். கடலை, மக்காச்சோளம், பருத்திக்கு அது ஏற்றது. நெருக்கமாக விழும் நெல்லுக்கு அவ்வளவு நுணுக்கம் தேவைப்படாது.

எந்த முறையானாலும், வயலில் இறக்கும் முன் அளந்து பார்க்காவிட்டால் புண்ணியமில்லை. அரை மணி நேர வேலைதான்.

9 கொழு, கொழுவுக்கு 22.5 சென்டிமீட்டர் இடைவெளி என்றால் கருவியின் அகலம் சுமார் 2 மீட்டர். கருவிச் சக்கரத்தின் சுற்றளவை நூல் பிடித்து அளக்க வேண்டும். அதுவும் 2 மீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். அப்படியானால் சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது சுமார் 4 சதுர மீட்டர் விதைப்பாகும். 10 சுற்று 1 சென்ட். 25 சுற்று இரண்டரை சென்ட். கருவியைத் தூக்கி நிறுத்தி, 9 குழாய்க்கும் 9 பை கட்டி, சக்கரத்தைக் கையால் 25 முறை சுற்றி, விழுந்த விதையை எடைபோட வேண்டும். அதை 40-ஆல் பெருக்கினால் ஏக்கருக்கு எவ்வளவு விழும் என்று தெரிந்துவிடும். மானாவாரி நேரடி விதைப்புக்கு ஏக்கருக்கு 30 கிலோ என்பது பல்கலைக்கழகப் பரிந்துரை. அப்படியானால் 25 சுற்றில் 750 கிராம் விழ வேண்டும். மொத்த எடை சரியாக இருக்கிறதே என்று விட்டுவிடக் கூடாது. ஒவ்வொரு பையையும் தனித்தனியே நிறுக்க வேண்டும். பைக்கு 83 கிராம் வர வேண்டிய இடத்தில் ஒன்றில் 50, ஒன்றில் 110 என்று வந்தால், வயலில் வெற்றிடம் எங்கே விழும் என்பது அங்கேயே தெரிந்துவிடும். தேய்ந்த கிண்ணம், அடைத்த குழாய், வளைந்த தண்டு... காரணத்தைத் தேடிச் சரிசெய்த பிறகுதான் டிராக்டர் கிளம்ப வேண்டும்.

கடலோரத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. மணல் கலந்த புழுதியில் சக்கரம் உருளாமல் வழுக்கும். வழுக்கினால் தகடு சுற்றாது, விதை விழாது. வயலில் 50 மீட்டர் ஓட்டி, சக்கரம் எத்தனை முறை சுற்றுகிறது என்று எண்ண வேண்டும். 25 வர வேண்டிய இடத்தில் 23 வந்தால் 8 சதவிகித விதை குறைகிறது என்று பொருள். சக்கரத்தின் பட்டைகளில் ஒட்டிய மண்ணைச் சுரண்டி, அழுத்தும் ஸ்பிரிங்கை இறுக்கினாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

விதையும் ஒத்துழைக்க வேண்டும். வறட்சியைத் தாங்க, 1 சதவிகித பொட்டாசியம் குளோரைடு கரைசலில் 16 மணி நேரம் ஊறவைத்து விதைப்பது நல்ல பழக்கம். ஆனால், நிழலில் பழைய ஈரப்பதம் வரும்வரை உலர்த்தாமல் பெட்டியில் கொட்டினால், ஈர நெல் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிண்ணத்தில் ஏறாது. சுணை உள்ள பாரம்பர்ய ரகங்களிலும் இதே தொல்லைதான். சுணையை நீக்கி, தூற்றி, சல்லடையில் சலித்துவிட்டுத்தான் போட வேண்டும். பெட்டியைக் கால்பங்குக்குக் கீழே காலியாக விடக் கூடாது. டிராக்டரை நிதானமாக ஓட்ட வேண்டும். அவசரப்பட்டு ஓட்டினால் கிண்ணம் நிறைவதற்குள் மேலே போய்விடும். வாடகை மணிக்கணக்கில் ஓடுவதால் டிரைவர் வேகம் பிடிப்பார். வயல்காரர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆழம் 3 முதல் 5 சென்டிமீட்டர். வரிசையாக முளைத்த நெல்லுக்கு நடுவே களைக்கருவியைத் தள்ளலாம் என்பது கூடுதல் ஆதாயம். ஆள் கிடைக்காத காலத்தில் அதுவே பெரிய ஆதாயம்.

பரமக்குடி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் 2009-ல் வெளியிட்ட அண்ணா(ஆர்) 4, சுமார் 100 நாளில் அறுவடைக்கு வரும், வறட்சி தாங்கும் ரகம். இங்குள்ள மழைக்கு ஏற்றது.

சொந்தமாகக் கருவி வாங்குபவர்கள், மத்திய அரசின் வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் மானியம் பெற வழி உண்டு. சிறு, குறு விவசாயிகளுக்கும் பெண்களுக்கும் 50 சதவிகிதம்வரை, மற்றவர்களுக்கு 40 சதவிகிதம்வரை என்பது திட்ட விதி. வேளாண் பொறியியல் துறை அலுவலகத்தில் உச்சவரம்பையும் அந்த ஆண்டு ஒதுக்கீட்டையும் கேட்டுவிட்டு விண்ணப்பிக்கலாம். ஓரிரு ஏக்கர் வைத்திருப்பவர்கள் வாங்கிப் பூட்டிவைப்பதைவிட, நாலு பேர் சேர்ந்து வாடகைக்கு எடுப்பது மேல். அப்போதும் கருவி வந்து நின்றதும் 9 பைகளும் ஒரு தராசும் தயாராக இருக்கட்டும்.