வங்கிப் பணமும் நமது காவலும்

முற்காலத்தில் நெல் விற்ற பணத்தை மடியில் முடிந்துகொண்டு திரும்பும் விவசாயி, வழிப்பறிக்கு அஞ்சிப் பொழுது சாய்வதற்குள் ஊர் வந்து சேருவார். இன்று நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் அளந்த நெல்லின் கிரயம் அவரது வங்கிக் கணக்கிலேயே வரவாகிறது. 2019-ஆம் ஆண்டில் மத்திய அரசு தொடங்கிய பி.எம். கிசான் திட்டத்தின் உதவித்தொகையும் அவ்வாறே வந்து சேருகிறது. மடியில் கனமில்லை, எனினும் கள்வன் ஒழிந்தானில்லை. பாதையோரத்தில் நின்றவன், இன்று கைபேசியின் மறுமுனையில் காத்திருக்கிறான்.

எமது வட்டாரத்தில் அம்மையார் ஒருவருக்கு, "உங்கள் கிசான் தவணை நின்றுவிட்டது, நான் அனுப்பும் செயலியைப் பதிந்துகொண்டால் மீண்டும் வரும்" என்று ஓர் அழைப்பு வந்தது. அவரும் அவ்வாறே செய்தார். அன்று மாலைக்குள் நெல் விற்ற பணம் முழுவதும் கணக்கிலிருந்து போய்விட்டது. மகன் ஏசுவானே, ஊரார் நகைப்பார்களே என்று அஞ்சி ஐந்து நாட்கள் அவர் வாய் திறவாதிருந்தார். பிறகு புகார் செய்தபொழுது, பணம் பல கணக்குகளைக் கடந்து ரொக்கமாக எடுக்கப்பட்டிருந்தது.

மூன்று சாவிகள்

இத்தகைய மோசடிகளில் கள்வன் வங்கியின் பூட்டை உடைப்பதில்லை; சாவியை நம் கையாலேயே வாங்கிக்கொள்கிறான். அச்சாவிகள் மூன்று.

முதலாவது, கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. எண். அதனைத் தொலைபேசியில் கேட்பவர் எவராயினும், வங்கி மேலாளர் என்றாலும், வட்டார அலுவலகத்திலிருந்து பேசுவதாகக் கூறினாலும், சொல்லலாகாது. வாட்ஸ்அப்பில் வரும் அறியாத செயலிகளைப் பதிந்தால், நமக்கு வரும் எண்ணை நாம் சொல்லாமலே கள்வன் படித்துக்கொள்ள இயலும்.

இரண்டாவது, யு.பி.ஐ. ரகசிய எண். நம் கணக்கிலிருந்து பணம் கொடுப்பதற்கு இது வேண்டும். பெறுவதற்கு ஒருபொழுதும் வேண்டியதில்லை. "உங்கள் மாட்டுக்கு முன்பணம் அனுப்பியுள்ளேன், எண்ணை அழுத்திப் பெற்றுக்கொள்ளுங்கள்" என்பவன் மாடு வாங்க வந்தவன் அல்லன்.

மூன்றாவது, விரல் ரேகை. ஊருக்கு வரும் வங்கி முகவரிடம் ஆதார் வழியாகப் பணம் எடுப்போர், ஒவ்வொரு முறை விரல் வைத்ததற்கும் ரசீது கேட்டுப் பெறுதல் வேண்டும். "ரேகை பதியவில்லை, மறுபடியும் வையுங்கள்" என்றால், முதன்முறை பணம் எடுக்கப்படவில்லை என்பதை உறுதி செய்துகொண்ட பின்னரே வைக்க வேண்டும். ஆதார் ஆணையத்தின் செயலியிலோ இணையதளத்திலோ ரேகையைப் பூட்டி வைத்து, தேவைப்படும்பொழுது மட்டும் திறந்துகொள்ளும் வசதியும் உண்டு.

உடனே சொல்லுதல்

பணம் போயிற்று என்று அறிந்த கணமே 1930 என்னும் எண்ணுக்குத் தொலைபேசி செய்தல் வேண்டும். போன தொகை, நேரம், வங்கிக் குறுஞ்செய்தியிலுள்ள பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்வது நலம். புகார் பதிவானதும், பணம் சென்று சேர்ந்த வங்கிக்குச் செய்தி போகிறது. தொகை அங்கே இருந்தால் நிறுத்தி வைக்கப்படும். வேறு வங்கிக்குச் சென்றிருந்தால் செய்தியும் அங்கே பின்தொடரும். ரொக்கமாக எடுக்கப்பட்டுவிட்டால் மீட்பது அரிது. ஆகவே மடை உடைந்தவுடன் மண் போடுவதைப் போல, நாழிகை கடத்தாமல் செய்ய வேண்டிய காரியம் இது.

நமது வங்கிக்கும் அப்பொழுதே தெரிவித்தல் அவசியம். 2017-ஆம் ஆண்டு ரிசர்வ் வங்கி வகுத்த நெறிமுறை, வங்கியின் பிழையுமின்றி வாடிக்கையாளரின் பிழையுமின்றி நேர்ந்த நஷ்டத்தை, வங்கியின் அறிவிப்பு வந்த மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்றது. நாமே எண்ணைச் சொல்லிவிட்டிருந்தாலும், வங்கிக்குத் தெரிவித்த பின்னர் நேரும் நஷ்டம் வங்கியையே சாரும் என்றும் அது வகுத்தது.

ஊராட்சியின் கடமை

உறுப்பினர்கள் செய்யத்தக்கவை சில உண்டு. நியாயவிலைக் கடை, பால் சங்கம், ஊராட்சி அலுவலகம் ஆகியவற்றின் சுவர்களில் 1930 என்னும் எண்ணைப் பெரிதாக எழுதி வைக்கலாம். கிராம சபை கூடும்பொழுது இதனைப் பற்றிச் சிறிது நேரம் பேசலாம். தரகுத் தொகைக்கு ஆசைப்பட்டுத் தம் வங்கிக் கணக்கை இரவல் கொடுக்கும் வாலிபர்களுக்கு, திருட்டுப் பணம் கடந்து செல்லும் பாதை அத்தகைய கணக்குகளே என்பதையும், வழக்கு தம் பெயரிலேயே வரும் என்பதையும் எடுத்துரைத்தல் வேண்டும்.

யாவற்றினும் மேலானது ஒன்று. ஏமாந்தவரைப் பார்த்து நகைக்காதிருத்தல். படித்தவர்களும் உத்தியோகஸ்தர்களும்கூட இவ்வலையில் விழுந்திருக்கின்றனர். அந்த அம்மையார் முதல் நாளே அடுத்த வீட்டாரிடம் அச்சமின்றிச் சொல்லியிருப்பாராயின், அவருடைய நெல்லின் கிரயத்தில் ஒரு பகுதியேனும் மிஞ்சியிருக்கக்கூடும். அவ்வாறு சொல்லத்தக்க ஊராக நம் ஊரை ஆக்குவது நம் அனைவரின் பொறுப்பாகும்.