தோண்ட வேண்டாத இடத்தைச் சொல்லும் கருவி

கூடுவாஞ்சேரியில் எங்கள் தெருவைத் தோண்டுவதற்கு முன்பு, தள்ளுவண்டி போன்ற ஒரு கருவியைத் தரைமீது மெல்ல உருட்டிச் சென்றார்கள். புதைந்திருக்கும் குழாயையும் மின்கம்பியையும் காட்டும் ரேடார் அது. கண்ணிவெடியையும் காட்டுமா என்று உடன் நடந்த நண்பர் கேட்டார். காட்டும். ஆயினும் இலங்கையின் வடக்கில் வெடி அகற்றுவோரிடம் பரவலாகப் பயன்பட்டது, சருகு கூட்டும் பல்வாரியை ஒத்த ஓர் எளிய கருவிதான். இதில் ஒரு பொருளியல் கணக்கு இருக்கிறது.

ஈழத்தமிழர் ‘மிதிவெடி’ என்று அழைக்கும் இவற்றுள் பலவற்றின் உறை பிளாஸ்டிக். உள்ளே உலோகம் மிகச் சொற்பம். அதைப் பிடிக்கும் அளவுக்கு உலோகங்காணும் கருவியைக் கூர்மையாக்கினால், ஆணிக்கும் குண்டுச் சிதறலுக்கும் அது ஒலி எழுப்பும். ஒவ்வோர் ஒலிக்கும் மண்ணை விரற்கடை விரற்கடையாக அகழ்ந்து பார்த்தாக வேண்டும். செலவின் பெரும்பகுதி இந்தப் பொய் எச்சரிக்கைகளுக்கே போகிறது.

ரேடார் உலோகத்தைத் தேடுவதில்லை. மண்ணுக்குள் வானொலி அலையைச் செலுத்துகிறது. மண்ணினின்று மின்தன்மையில் வேறுபடும் பொருள் எதுவாயினும் அலையின் ஒரு பகுதி திரும்பி வருகிறது. இரு கருவிகளையும் இணைத்தால், ஆணிக்கு உலோக ஒலி மட்டுமே எழும்; வெடிக்கு அதன் பருமனும் தெரியும். தோண்ட வேண்டிய இடங்கள் குறைகின்றன. ஈரக் களிமண்ணோ அலையை விழுங்கிவிடும். வேரும் கல்லும் ஏமாற்றும். இங்கே பிழைகள் இரண்டும் சமமல்ல: வீணாகத் தோண்டினால் ஒரு மணி நேரம் போகும், தோண்டாமல் விட்டால் ஒரு கால் போகும்.

ஏ9 சாலையில், பச்சிலைப்பள்ளிப் பகுதியிலுள்ள முகமாலை பல்லாண்டுகள் போர்முனையாக இருந்தது. அடிக்கு அடி உலோகத் துண்டுகள் கிடக்கும் அத்தகைய மணற்பாங்கான நிலத்தில் எதை விடுவது, எதைத் தோண்டுவது என்று பிரித்தறிவதைவிட, மேல்மண் முழுவதையும் வாரிப் பார்ப்பதே மலிவு. அந்த வேலையைச் செய்வோரில் போரில் கணவரை இழந்த பெண்களும் உண்டு.

2017 டிசம்பரில் ஒட்டாவா ஒப்பந்தத்தில் இலங்கை இணைந்தது. பத்தாண்டுக் கெடு 2028 ஜூனில் முடிகிறது. (இந்தியா இன்னும் இணையவில்லை, ஆனால் போருக்குப் பின் வடக்கில் வெடி அகற்ற இந்தியக் குழுக்களை அனுப்பியது.) கொடையாளர் புதிய கருவிக்கு மகிழ்ந்து பணம் தருவார்கள், மண் வாருவோரின் மாதச் சம்பளத்துக்கு அவ்வளவு எளிதில் தருவதில்லை. முகமாலை போன்ற நிலங்களில் இன்று பற்றாக்குறை அந்தச் சம்பளத்துக்குத்தான் என்பது என் கணிப்பு.