சாயவேரின் சிவப்பு

மசூலிப்பட்டினம் முதல் நாகப்பட்டினம் வரை நீண்ட சோழமண்டலக் கரை, 17-ஆம் நூற்றாண்டில் கடல் கடந்த நாடுகளுக்கு வண்ணத் துணிகளை அனுப்பியது. 1613-இல் பழவேற்காட்டில் கோட்டை எழுப்பிய டச்சுக்காரர்கள் தேடி வந்ததும் இத்துணியைத்தான். கிழக்கிந்தியத் தீவுகளில் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்க அதுவே நல்ல மாற்றுப்பொருள்.

துணியை முதலில் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் நனைத்து உலர்த்துவர். பாலின் கொழுப்பு, பின்னர் இடும் கரைசல் கசிந்து பரவாமல் தடுக்கும். இரும்பும் வெல்லமும் ஊறிய நீரால் வரையும் கோடு, கடுக்காயோடு சேர்ந்து கறுக்கும். சிவக்க வேண்டிய இடத்தில் அச்சுக்கட்டையோ தூரிகையோ இடுவது படிகாரக் கரைசல். அதற்குத் தன் நிறம் கிடையாது. சாயவேர் இட்ட நீரில் துணி கொதித்த பிறகே அந்த இடம் சிவக்கும். வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் கூடினால்தான் வாய் சிவக்கிறது, இங்கும் அப்படித்தான். படிகாரத்திலுள்ள அலுமினியம் வேரின் சாயத்தை நூலோடு பிணைக்கிறது. மற்ற இடங்களில் ஒட்டிய மங்கல் நிறம் சாண நீரிலும் வெயிலிலும் வெளுத்துவிடும்; பிணைந்த சிவப்பு துவைத்தாலும் போகாது. நீலத்துக்கு, மற்ற பகுதிகளை மெழுகால் மூடி அவுரித் தொட்டியில் முக்குவர்.

இம்பூறல் என்றும் பெயர் பெற்ற சாயவேர் கடலோர மணலில் வளரும் சிறு செடி. கிளிஞ்சல் கலந்த மண்ணில் விளைந்த வேருக்குச் சாயக்காரரிடம் தனி மதிப்பு இருந்தது.

துவைத்தாலும் மங்காத இப்பருத்தித் துணி ஐரோப்பியச் சந்தையைப் பிடித்ததும் அங்குள்ள பட்டு, கம்பளி நெசவாளர்கள் எதிர்த்தனர். பிரான்ஸ் 1686-இல் தடை விதித்தது. இங்கிலாந்தில் 1700-ஆம் ஆண்டுச் சட்டம் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. 1721-ஆம் ஆண்டுச் சட்டம் உடுத்துவதையே தடுத்தது. புதுச்சேரியின் நீலத் துணியோ மேற்கு ஆப்பிரிக்காவில் அடிமைகளை வாங்கவும் பயன்பட்டது. நெய்தவருக்கும் சாயமிட்டவருக்கும் அந்த வணிகத்தில் எந்த அதிகாரமும் இல்லை.

1742-இல் யேசு சபைப் பாதிரியார் கேர்தூ இச்செய்முறையைக் கடிதத்தில் விரிவாக எழுதி பிரான்சுக்கு அனுப்பினார். 1759-இல் அங்கே தடை நீங்கியது. 1760-இல் ஓபர்காம்ப் ஜூய் ஊரில் அச்சுத் துணிப் பட்டறை தொடங்கினார். 1868-இல் கிரேபே, லீபர்மான் என்ற ஜெர்மானிய வேதியியலர்கள் சிவப்புக்குக் காரணமான அலிசரினைச் செயற்கையாக உருவாக்கினர். மலிவான அந்தச் சாயத்தோடு சாயவேரால் போட்டியிட முடியவில்லை.

வரலாற்றுப் பாடங்கள் கம்பெனிகளின் பெயர்களை நினைவில் வைத்திருக்கின்றன. நிறத்தை நிலைநிறுத்திய சாயக்காரரை மறந்துவிட்டன. அவர்களின் செய்முறையை வேதியியல் பாடத்திலேயே சேர்ப்பது அவர்களுக்குச் செய்யும் குறைந்தபட்ச நியாயம்.